டேப்பரைத் துடைத்தார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும்

குளச்சலுக்கும் திங்கள்நகருக்கும் நடுவில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. முப்பது வருடமாக அதுதான் சோறு போடுகிறது. குளச்சல், முட்டம் பக்கத்துப் படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்ட், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், இடையிடையே செங்கல் சூளை மிஷினின் புஷ் என்று வேலை ஓயாது. இரும்போடு இரும்பு எப்படிப் பொருந்த வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு என் இடுப்புக்குள் வைத்த இரும்பைப் பற்றி ஏழு வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்தது. முதல் அறுவை சிகிச்சை 2015-ல். அதைத் திருத்த இரண்டாவது 2022-ல். நடுவில் ஒன்றே முக்கால் வருடம் என்ன நோய் என்றே தெரியாமல் அலைந்தேன். மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் பஹ்ரைனில். ஆஸ்பத்திரிப் படிக்கட்டு ஒவ்வொன்றும் தனியாகத்தான் ஏறினேன். அன்றைக்கு யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

2015-ல் எனக்கு 51 வயது. வலது தொடை மூட்டில் உருண்டை எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு இற்றுப்போய்விட்டது, மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். நான் கேட்ட கேள்விகள் மூன்று: எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் நடக்கலாம், எப்போது லேத்தில் நிற்கலாம். உள்ளே வைக்கப்போகும் பொருள் என்ன உலோகம், எத்தனை துண்டு, துண்டுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகுக்காரர் ஷாஃப்ட் கொண்டுவந்தால் அது எந்த ஸ்டீல், புரொப்பல்லர் வெண்கலமா வேறெதுவுமா, நுனியிலுள்ள கூம்பு, அதாவது டேப்பர், பழையதா புதுசா என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் சக்கில் பிடிப்பேன். சொந்த உடம்பு என்றதும் வாய் அடைத்துப்போனது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கெல்லாம் வருகிற அந்தத் தயக்கம்தான். இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கட்டினேன். மூன்று மாதத்தில் பட்டறைக்கு வந்தேன். ஐந்து வருடம் அந்தக் காலை நினைக்கவே தேவையில்லாமல் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2020 கடைசியில் தொடை இடுக்கில் ஒரு வலி. உட்கார்ந்து எழும்பி முதல் அடி வைக்கும்போது மட்டும் சுருக்கென்று இழுக்கும், நாலு அடி நடந்தால் போய்விடும். மழைக்காலத்துக் குளிர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இப்படி ஒன்று என்றால் முதலில் கால் போவது வர்ம ஆசானிடம்தான். எழுபத்தைந்து வயது ஆசான், என் அப்பாவுக்கே கை முறிவுக்குக் கட்டுப் போட்டவர். இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "மக்கா, உள்ள இரும்பு கெடக்கு. அதுக்க மேல நான் கைய வச்சு உழியப்பிடாது. ஒனக்கு ஆபரேஷன் செய்த எடத்துக்கே போ" என்றார். அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். கேட்காமல் வேறொருவரிடம் போய் இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உழிந்தது என் தவறு. உள்ளே நீர் கோத்து வீங்கத் தொடங்கிய இடத்தை அழுத்தி உழிந்ததில் வலி கூடியதே தவிர குறையவில்லை. செயற்கை மூட்டு வைத்த இடத்தில் யார் சொன்னாலும் உழிச்சல் வேண்டாம்.

பிறகு எக்ஸ்ரே. "மூட்டு ஜம்மென்று இருக்கிறது, வலி முதுகிலிருந்து வருகிறது" என்றார்கள். முதுகு எம்ஆர்ஐ எடுத்ததில் இரண்டு டிஸ்க் தேய்ந்திருந்தது. ஐம்பத்தாறு வயசில் முப்பது வருடம் நின்று வேலை செய்தவனுக்குத் தேயாமல் இருக்குமா? அந்தத் தேய்மானத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதம் பிசியோதெரபி, பெல்ட், மாத்திரை. நடுவில் கொரோனா இரண்டாம் அலை வந்து எல்லாம் முடங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாததால்தான் எனக்கு ஒரு வருடம் போனது. மூட்டு மாற்றி வருடக்கணக்கில் சுகமாக இருந்தவருக்குப் புதிதாகத் தொடை இடுக்கில் வலி வந்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும். தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு பிடித்திருக்கிறதா, இடுப்பு எலும்பில் பதித்த கிண்ணம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். உலோகமும் உலோகமும் சேருகிற இடுக்கில் நடப்பதும், அதனால் சுற்றியுள்ள சதை கெடுவதும் அதில் தெரியாது. எனக்கு நாலு முறை எடுத்தார்கள், நாலும் ஒரே மாதிரி அழகாக இருந்தன.

2022 ஜனவரியில் இடுப்பின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவு வீக்கம். ஊசி போட்டு எடுத்தால் கலங்கலாக, சீழ் மாதிரி ஒரு நீர் வந்தது. கிருமி தொற்றிவிட்டது என்று ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக். அந்த நீரை லேபில் வளர்த்துப் பார்த்ததில் ஒரு கிருமியும் முளைக்கவில்லை, ஆனாலும் மருந்து நிற்கவில்லை. அந்த ஆறு வாரம்தான் என் வாழ்க்கையின் மோசமான நாட்கள். வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை. கஞ்சியும் காணத் துவையலுமாக ஓட்டினேன். ராத்திரி படுத்தால் கால் போய்விடுமோ என்ற பயம். மகன் போனில் "அப்பா, நான் லீவு போட்டு வரட்டா?" என்று கேட்பான். வேண்டாம் மக்களே, குறைஞ்சிருக்கு என்று பொய் சொல்வேன். அவனுக்கு வேலை அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. போனை வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கிருமியும் உலோகக் கசிவும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டிலும் வலி, வீக்கம், கலங்கல் நீர் வரும் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது சரிதான், பார்த்தே ஆக வேண்டும். அது இல்லை என்று ஆனபின் அடுத்து என்ன என்று யோசிக்க யாரும் இல்லாமல் போனதுதான் என் கதை.

பட்டறைக்கு ஷாஃப்ட் கொண்டுவந்த ஒரு படகுக்காரர் தன் அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டரைச் சொன்னார். ஜூன் மாதம் ரயிலேறிப் போனேன். அவர் என்னைப் படுக்கவைத்துக் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார், பழைய காகிதம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் படித்தார். பிறகு "ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்த்தார்களா?" என்று கேட்டார். அந்த இரண்டு பெயரையும் கட்டிங் டூல் டப்பாவில்தான் படித்திருக்கிறேன், என் ரத்தத்தோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுப்பதிலேயே ஒரு கவனம் வேண்டும். சாதாரண டியூபில் எடுத்தால் ஊசியின் உலோகமும் டியூபின் அழுக்கும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். நுண்ணளவு உலோகத்துக்கென்று தனி டியூப் இருக்கிறது, முதலில் வரும் கொஞ்ச ரத்தத்தைத் தனியாக விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதை எடுக்க வேண்டும். நம் ஊர் லேபில் கேட்டால் முதலில் இதைச் செய்யத் தெரியுமா என்று விசாரியுங்கள். வெளியூர் அனுப்பித்தான் பார்ப்பார்கள், எனக்கு ஆறாயிரத்து இருநூறு ரூபாயும் ஒன்பது நாளும் ஆனது. ஒரு லிட்டர் ரத்தத்தில் கோபால்ட் 8.6 மைக்ரோகிராம், குரோமியம் 1.9 என்று வந்தது. உலோகக் கிண்ணத்தில் உலோக உருண்டை சுழலும் வகை மூட்டுக்காரர்களுக்கு 7-ஐத் தாண்டினால் தீர விசாரிக்க வேண்டும் என்று பிரிட்டனில் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். என்னுடையது உலோக உருண்டை, பிளாஸ்டிக் கிண்ணம். இந்த வகையில் 1-ஐத் தாண்டினாலே, அதிலும் குரோமியத்தைவிடக் கோபால்ட் நன்றாகக் கூடியிருந்தால், உருண்டையும் தண்டும் சேரும் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். குரோமியம் அந்த இடத்திலேயே உப்பாகப் படிந்து தங்கிவிடும், கோபால்ட் கரைந்து ரத்தத்தில் ஓடும், அதனால் அந்த ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். பிறகு உலோகத்தின் நிழல் படத்தைக் கெடுக்காதபடி எடுக்கிற தனி முறை எம்ஆர்ஐ. வீக்கம் எங்கிருந்து எங்கே பரவியிருக்கிறது, இடுப்பைத் தாங்குகிற சதை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

டாக்டர் மேசை டிராயரிலிருந்து ஒரு மாதிரி மூட்டை எடுத்து உருண்டையைக் கழற்றிக் காட்டினார். "சேட்டா, இது கண்டோ?" தொடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் தண்டு, அதன் கழுத்து நுனியில் கூம்பு, அந்தக் கூம்பின்மேல் குழியோடு உட்காரும் கோபால்ட்-குரோமியம் உருண்டை. திருகு இல்லை, ஆணி இல்லை, பசை இல்லை. பார்த்ததும் என் வாயில் வந்த வார்த்தை, "சார், இது மோர்ஸ் டேப்பர்." அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், அந்தக் குடும்பம்தான் என்றார்.

லேத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லேத்தின் வலது கோடியில் இருக்கிற டெயில் ஸ்டாக் என்ற பாகத்தில் டிரில்லைப் பிடிப்பது ஒரு கூம்பு. 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் கொண்டுவந்தது. கூம்பின் சாய்வு மிகக் குறைவு. அதனால் குழிக்குள் ஒரு தட்டுத் தட்டி ஏற்றினால் இரண்டு பக்கமும் உராய்ந்து கவ்விக்கொள்ளும், எடுக்க ஆப்பு அடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கவ்வல் இரண்டே விஷயத்தில் நிற்கிறது. ஒன்று, இரண்டு முகமும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். இன்னொன்று, நேராக, ஒரே தரம், உறுதியாக அடித்து ஏற்ற வேண்டும். என் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே பஞ்சு வேஸ்ட்டை எடுத்துக் கூம்பையும் துடை, விரலை விட்டுக் குழியையும் துடை என்பதுதான். ஒரு சின்ன இரும்புச் சுருள் உள்ளே மாட்டினால் போதும், டிரில் ஆடும், துளை பெரிதாகும், கொஞ்ச நாளில் குழியே சொத்தையாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கவ்வாமல் வழுக்கிச் சுற்றும். புரொப்பல்லரும் அப்படித்தான். ஷாஃப்டின் கூம்பில் ப்ளூ என்கிற நீல மை தடவி, புரொப்பல்லரை ஏற்றி இறக்கி, முழுக்கப் படிகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன். சரியாகப் படியாமல் நட்டை முறுக்கிவிட்ட ஷாஃப்ட் ஆறு மாதத்தில் திரும்பி வரும். கழற்றினால் கூம்பு முழுக்கக் குழிகுழியாக, கறுத்து, உப்புத்தண்ணி நின்று தின்ற அடையாளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஆட்டம், நகராமல் நிற்கிற உப்புத்தண்ணி, இரண்டும் சேர்ந்தால் எந்த நல்ல உலோகத்தையும் அரித்துவிடும்.

உடம்புக்குள்ளும் நடப்பது இதுதான். நம் உடம்பு நீரும் உப்பு நீர். டைட்டானியத்துக்கும் கோபால்ட்-குரோமியத்துக்கும் மேலே மெல்லிசாக ஒரு ஆக்சைடு தோல் உண்டு, அதுதான் காவல். உருண்டை இறுகப் பிடிக்காமல் ஒவ்வொரு அடிக்கும் இழையளவு அசைந்தால் அந்தத் தோல் உரியும், மறுபடி வளரும், மறுபடி உரியும். இடுக்கில் தேங்கிய நீர் நாளாக ஆக அமிலமாகும். அப்புறம் அரிப்பு தானாகவே ஓடும். 1960-களில் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் செய்த மூட்டுகளில் தண்டும் உருண்டையும் ஒரே துண்டு, இந்த இடுக்கே கிடையாது. துண்டு துண்டாக்கியதிலும் நியாயம் இருக்கிறது. தண்டை இறக்கிய பிறகு வேறு வேறு நீளத்தில் உருண்டை போட்டுக் காலின் உயரத்தைச் சரிபார்க்கலாம், பின்னால் பழுது வந்தால் தண்டைப் பிடுங்காமல் உருண்டையை மட்டும் மாற்றலாம். எனக்கே அந்த வசதிதான் கைகொடுத்தது. ஆனால் ஒரு இணைப்பு கூடினால் அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பும் கூடுகிறது.

அறுவை அரங்கில் அந்த இணைப்பு எப்படிப் போடப்படுகிறது என்று டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். முதலில் தண்டை எலும்புக்குள் இறக்குகிறார்கள். அதன் கூம்பில் ஒரு மாதிரி உருண்டையை வைத்து, மூட்டைச் சேர்த்து, காலை எல்லாப் பக்கமும் திருப்பி, நழுவுகிறதா, உயரம் சரியா என்று பார்க்கிறார்கள். பிறகு மாதிரியை எடுத்துவிட்டு உண்மையான உருண்டை. இதற்கு இடையில் அந்தக் கூம்பு திறந்த காயத்துக்குள் நிற்கிறது. ரத்தம், கொழுப்பு, எலும்புத் தூள் எல்லாம் அதன்மேல் படும், படாமல் இருக்காது. உண்மையான உருண்டையை ஏற்றுவதற்கு முந்தைய அந்த அரை நிமிடம்தான் முக்கியம். கூம்பைக் கழுவி, புது உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். உருண்டையின் குழிக்குள்ளும் ஈரம், தூசி இல்லாமல் பார்க்க வேண்டும். வைத்து லேசாகத் திருகி உட்காரவைத்து, அதற்கான கருவியைக் கழுத்தின் நேர்கோட்டில் பிடித்து ஓங்கி அடிக்க வேண்டும். சோதனைச்சாலையில் அடித்து ஏற்றி இழுத்துப் பார்த்ததில், அடியின் வலு கூடக் கூடப் பிடிப்பும் அதே கணக்கில் கூடுகிறது. குறைந்தது 4 கிலோநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட நானூறு கிலோ எடை அழுத்துகிற அளவு, வேண்டும் என்று ஜெர்மனிக்கார ஆய்வாளர்கள் 2012-ல் எழுதியிருக்கிறார்கள். மெல்ல மெல்லப் பத்துத் தட்டுத் தட்டினால் ஓங்கி அடித்த ஒரு அடிக்கு ஈடாகாது. கோணலாக அடித்தாலும் வலு வீணாகும். நடக்க ஆரம்பித்தால் உடம்பு எடையில் தானாக இறுகிக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. உள்ளே கொழுப்பு இருந்தால் பிடிப்பு பாதியிலேயே நின்றுவிடும், எலும்புத் துணுக்கு மாட்டினால் உருண்டை ஒரு பக்கம் மட்டும் உட்காரும். பீங்கான் உருண்டை என்றால் அந்தத் துணுக்கு இருக்கும் இடத்தில் அழுத்தம் குவிந்து விரிசல் விடவும் வழி உண்டு. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் என் பையன்களிடம் தினமும் கத்துகிற அதே விஷயம், அதே வார்த்தைகள்.

செப்டம்பரில் இரண்டாவது அறுவை. எடுக்கும் பாகங்களை எனக்குத் தர வேண்டும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்தேன், கிருமி நீக்கிக் கொடுத்தார்கள். நீங்களும் கேளுங்கள், அது உங்கள் உடம்பில் இருந்த, நீங்கள் காசு கொடுத்த பொருள். உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. குழிக்குள் டார்ச் அடித்தால் ஒரு பக்கமாகக் கறுப்பு வளையம், நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. வழக்கமாக உருண்டையைக் கழற்றக் கருவி வைத்து நன்றாக அடிக்க வேண்டியிருக்கும், உங்களுடையது லேசாகத் தட்டியதுமே கையோடு வந்துவிட்டது என்றார் டாக்டர். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த அரங்கில் நின்றவர்களைத் தேடிப்போய் இதை மேசைமேல் வைக்க வேண்டும் என்று தோன்றியது. டாக்டர்தான் நிதானப்படுத்தினார். துடைக்கவில்லை என்றோ மெல்ல அடித்தார்கள் என்றோ இதைப் பார்த்து மட்டும் யாரும் சொல்ல முடியாது. உங்கள் உருண்டை 36 மில்லிமீட்டர், கழுத்து நீளம் கூடியது. பெரிய உருண்டை எளிதில் நழுவாது, அது நன்மை. ஆனால் கூம்பின் மேல் விழும் முறுக்கு கூடும். உங்கள் எடை, நின்று குனிந்து தூக்குகிற வேலை, கூம்பின் நீளம், மேல்பரப்பின் வரி, இரண்டு உலோகத்தின் சேர்க்கை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்றார். நானும் ஷாஃப்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் இதைத்தானே சொல்லியிருக்கிறேன். பெயர் எழுதாததற்குக் காரணம் இதுதான். ஆனால் இத்தனை காரணங்களில் நோயாளியின் கையிலோ கம்பெனியின் கையிலோ இல்லாமல், அந்த அரை நிமிடத்தில் அரங்கில் நிற்பவர் கையில் மட்டும் இருப்பது சுத்தமும் அடியும். அதனால் அதைக் கேட்பது தப்பில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தண்டு எலும்பில் இறுகப் பிடித்திருந்தது, கூம்பில் அரிப்பு ஆழமாக இல்லை. அதனால் தண்டை விட்டுவைத்து, கூம்பைச் சுத்தம் செய்து, டைட்டானியம் உறை ஒன்றை மாட்டி அதன்மேல் பீங்கான் உருண்டையை ஏற்றினார்கள், கிண்ணத்தின் பிளாஸ்டிக்கையும் மாற்றினார்கள். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் தண்டையே பிடுங்கி எடுக்க வேண்டி வந்திருக்கும், அது இரண்டு மடங்குச் செலவும் வேதனையும். இங்கே ஒரு விஷயம். புது உருண்டைக்கு முன்னால் என் தண்டு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தெரிய வேண்டியிருந்தது. 12/14 டேப்பர் என்று எல்லாரும் சொல்வார்கள், ஒரு முனை 12 மில்லிமீட்டர், மறு முனை 14 என்று அர்த்தம். ஆனால் ஒரு கம்பெனியின் 12/14-ம் இன்னொன்றின் 12/14-ம் சாய்விலும் நீளத்திலும் மேல்பரப்பிலும் வித்தியாசப்படும், கலந்து போடக்கூடாது. லேத்காரனுக்கு இது சொல்லாமலே விளங்கும். பழைய ஆஸ்பத்திரியில் என் கோப்பைத் தேட மூன்று முறை போனேன், பதினெட்டு நாள் ஆனது. அவர்கள் கோப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிடைத்ததால் தப்பித்தேன். உள்ளே வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் கம்பெனி, மாடல் எண், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியோடு வரும். ஒரு செட் உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டித் தரச் சொல்லி, அங்கேயே போனில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். 2010-ல் ஒரு வகை உலோக இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்களே, அப்போது நம் நாட்டில் அதை வைத்திருந்த பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. காகிதம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

பணக் கணக்கையும் சொல்கிறேன். இரண்டாவது அறுவை நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அதற்கு முன்னால் முதுகுக்கும் கிருமிக்கும் செலவழித்தது ஒரு லட்சத்துக்கு மேல், அதில் ஒரு ரூபாய்கூட இடுப்புக்குப் பயன்படவில்லை. பட்டறை எல்லாம் சேர்த்துப் பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது. ஆறடி லேத் ஒன்றை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு விற்றேன். என் முதல் லேத் அது, விற்ற அன்று பட்டறைக்குள் போகவில்லை. அரசு காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள், நான் கேட்காமல் அவசரத்தில் கட்டினேன். இப்படி மூட்டில் பழுது வந்தால் அறிவிக்க 2015-லிருந்து மருத்துவக் கருவிகளுக்கான மத்திய அரசுக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் நடத்துகிறது. இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் அறிவிக்க வேண்டும் என்றில்லை, நாமும் அறிவிக்கலாம். நான் அறிவித்தேன். இழப்பீடு கேட்டு இல்லை, அந்த மாடலில் இன்னொருவருக்கு இப்படி வந்தால் கணக்கில் ஏறட்டும் என்று.

ஒரு வருடம் கழித்து கோபால்ட் 0.9-க்கு இறங்கியது. சதை கொஞ்சம் கெட்டுப்போனதால் நடையில் சாய்வு இருக்கிறது, மூட்டு நழுவும் பயத்தில் தரையில் சம்மணம் போடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் லேத்தில் நிற்பதில்லை, கனமான ஷாஃப்டைப் பையன்கள்தான் ஏற்றுகிறார்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அக்கா இடுப்பு மாற்ற நாகர்கோவிலில் பார்க்கப் போனார்கள். போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உருண்டை உலோகமா பீங்கானா, எத்தனை மில்லிமீட்டர், ஏன் அந்த அளவு? தண்டும் உருண்டையும் ஒரே கம்பெனியா? கடைசி உருண்டையை ஏற்றும் முன் கூம்பைக் கழுவி உலர்த்துவீர்களா? ஸ்டிக்கர் தருவீர்களா? "டாக்டர் சண்டைக்கு வரமாட்டாரா தம்பி?" என்று கேட்டார்கள். பணிவாகக் கேளுங்க அக்கா, நல்ல டாக்டருக்குக் கோபம் வராது என்றேன். மறுநாள் சாயங்காலம் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். டாக்டர் தாளை வாங்கி முழுக்கப் படித்தாராம். பீங்கான் உருண்டை, 32 மில்லிமீட்டர், தண்டும் அதே கம்பெனிதான் என்று தாளிலேயே எழுதியிருந்தார். மூன்றாவது கேள்விக்கு எதிரே "ஆம், நானே துடைப்பேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "இத ஆருக்க கையில வாங்கினியன்னு கேட்டாரு தம்பி, ஒனக்க பேரச் சொன்னேன்" என்றார்கள். வருகிற வியாழக்கிழமை அவர்களுக்கு ஆபரேஷன்.